சிஸ்டர் வாங்கிய உரிமம்

பிஸ்கட் பொட்டலத்தைத் திருப்பி, அடிப்பக்கம் அச்சிட்டிருக்கும் தேதியை வாய்விட்டுப் படித்த பிறகுதான் சிஸ்டர் அதைப் பிரித்து என் தட்டில் வைப்பார். பால், பற்பசை, பேட்டரி, ஷூ பாலிஷ் எதுவும் இந்தச் சோதனைக்குத் தப்புவதில்லை. நான் கொடுத்த பிறந்தநாள் வாழ்த்து அட்டையைக்கூடப் பின்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சிரித்தார். கோபித்துக்கொள்ள முடியுமா? ஒருவருக்கும் தப்பான மருந்து போய்விடக் கூடாதென்று இருபத்திரண்டு வருடமாக விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கும் கண்கள்.

பெரிய மருத்துவமனையில் எலும்பு முறிவு வார்டுக்குத் தலைமைச் செவிலியர். வார்டில் சிஸ்டர், தெருவில் சிஸ்டர். அவருடைய கணவரே ஒருநாள் மறதியாக, “சிஸ்டர் வந்தாச்சா?” என்று என்னிடம் கேட்டார். நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் எழுத்தாளன். எனக்கு அவர் அக்கா, அவருக்கு நான் தம்பி.

வார்டுப் பொருள் எதுவும் அவரோடு வீடு வந்ததில்லை. பேனா வராது, பஞ்சு வராது. ஒருமுறை சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டு ஒரு துண்டு பிளாஸ்டர் வந்துவிட்டது. மறுநாள் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு கிளம்பினார். “இனிமே அது ஒட்டக்கூடச் செய்யாதுக்கா, தூக்கிப் போடுங்க” என்றேன். “அங்க கொண்டு போய்த் தூக்கிப் போடுறேன்” என்றார்.

மாதம் ஒருமுறை, ஓய்வு நாளில், சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு வார்டின் பணிநேரப் பட்டியலைப் போடுவார். இருபத்து மூன்று செவிலியர், முப்பது நாள், மூன்று வேளை. யார் மாலையில் படிக்கப் போகிறார், எந்த இருவரைச் சேர்த்துப் போட்டால் அரட்டை ஓயாது, எந்த இருவர் மூன்று வாரமாகப் பேசிக்கொள்வதில்லை என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. ஏன் வீட்டில் செய்கிறார் என்றால், “வேலை நேரத்துல நோயாளியப் பாக்கணும். கட்டம் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கக் கூடாது” என்பார். வார்டுக் கணினியில் நோயாளிக் குறிப்பைத் தவிர வேறெதையும் திறக்கக் கூடாது என்பதும் அவரே போட்ட சட்டம்தான்.

போன மாதம் அவருடைய பழைய மடிக்கணினி கண்ணை மூடிவிட்டது. புதிதாக வாங்கியதில் ஆபீஸ் மென்பொருள் ஒரு மாதத்துக்கு மட்டும் இலவசமாக இருந்தது. மாதம் முடிந்த புதன்கிழமை, பட்டியல் திறந்தது; ஆனால் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியவில்லை. வெள்ளி மதியத்துக்குள் மருத்துவமனை அலுவலகத்துக்கு அது போய்ச் சேர வேண்டும். தவறினால் அலுவலகமே ஊழியர் எண் வரிசைப்படி ஒரு பட்டியலைப் போட்டுவிடும். அந்த வரிசையில் முதல் இரண்டு வாரம் இரவுப் பணி யாருக்கு விழும் என்று சிஸ்டர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். நான்கு மாதக் கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்ணுக்கு விழுந்தது.

“இரவு போட்டா வேலைய விட்டுடுவேன் சிஸ்டர்னு அழுதா. பகல்தான்மான்னு நான் வாக்குக் குடுத்திருக்கேன் தம்பி” என்றார்.

இலவச மென்பொருள் ஒன்றில் திறந்து பார்த்தோம். அலுவலகத்தின் படிவம் அதில் கட்டம் கலைந்து, பகல்காரர்கள் எல்லாம் இரவில் போய் நின்றார்கள்.

“எதுக்குக்கா கவலை? அஞ்சே நிமிஷம். என் மெஷின்ல இருக்கிற மாதிரியே ஒண்ணு போட்டுக் குடுத்துடறேன். காசே வேணாம்” என்றேன்.

“திருட்டுப் பிரதியா?”

“உலகமே போடுதுக்கா.”

“போன வருஷம் உங்க புத்தகத்த யாரோ ஜெராக்ஸ் போட்டு வித்தாங்கன்னு மாடி அதிரக் கத்துனீங்களே, அது எதுக்கு?”

எனக்கு மூக்கு உடைந்த சத்தம் சமையலறையிலிருந்த கணவருக்கும் கேட்டிருக்க வேண்டும். உள்ளேயிருந்து சிரிப்பு வந்தது.

வியாழக்கிழமை கணினிக் கடைக்குப் போனோம். மேஜைக்குப் பின்னாலிருந்த கடைக்காரம்மா முதலில் விலை குறைந்த பெட்டி ஒன்றைக் காட்டினார். வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்று அதில் எழுதியிருந்தது. “நான் ட்யூட்டி லிஸ்ட் போடுறேன். வீட்டுல உக்காந்து போட்டாலும் வேலை வேலைதானே?” என்று சிஸ்டர் அதை ஒதுக்கினார். இப்படியும் ஒரு வாடிக்கையாளரா என்று கடைக்காரம்மா என்னைப் பார்த்தார். பிறகு தேடியெடுத்து இன்னொன்றை வைத்தார். முந்தைய பதிப்பு, வேலைக்கும் ஆகும், ஒருமுறை வாங்கினால் போதும், விலையும் சிஸ்டர் மனத்தில் வைத்திருந்த தொகைக்குள் அடங்கியது. எல்லாம் கூடி வந்த நேரத்தில் சிஸ்டர் பெட்டியைத் திருப்பினார்.

“எக்ஸ்பைரி டேட் எங்கங்க?”

“இதுக்கு எக்ஸ்பைரியே இல்லைங்க. லைஃப்டைம்.”

“யாரோட லைஃப்டைம்?”

கடைக்காரம்மா யோசித்து, “லேப்டாப்போடதுங்க” என்றார். அவ்வளவுதான். பெட்டி மேஜைக்குத் திரும்பிவிட்டது.

வழி நெடுக நான் மன்றாடினேன். மென்பொருள் புளிக்காது, பூசணம் பிடிக்காது என்றேன். “தேதி இல்லாத சரக்கு எதையும் நான் கையால தொட்டதில்ல” என்றார். பிடித்தால் பிடித்த பிடிதான். நாளை மதியத்துக்கு என்ன வழி என்று கேட்டேன். அவர் முகம் வாடியிருந்தது.

வெள்ளி காலை ஆறரைக்கு என் கதவு தட்டப்பட்டது. வாயில் பிரஷ்ஷோடு திறந்தேன். கையில் ஒரு தாளோடு சிஸ்டர். நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த மென்பொருளுக்கான விதிகளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்திருக்கிறார். நாமெல்லாம் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று ஒரே தட்டில் தாண்டிப் போகும் விதிகளை!

“இருக்கு தம்பி! தேதி இருக்கு! ஓடுறது எப்பவும் ஓடுமாம். ஆனா பாதுகாப்புக்கு அவங்க குடுக்கிற திருத்தமெல்லாம் இன்னும் மூணு வருஷத்துக்குத்தான். தேதி போட்டிருக்கான் பாருங்க. கடைக்காரம்மாவுக்கே தெரியல!”

பதினைந்து வருடமாக இதே மென்பொருளில் எழுதுகிறேன். எனக்கும் தெரியாது.

பத்து மணிக்குக் கடை திறந்தபோது நாங்கள் வாசலில் நின்றோம். சிஸ்டர் தாளைக் காட்ட, கடைக்காரம்மா அதை இரண்டுமுறை படித்துவிட்டு, தடித்த பேனாவால் அந்தத் தேதியைப் பெட்டியின் மேல் எழுதிக் கொடுத்தார். மிச்சமிருந்த பெட்டிகளிலும் எழுத ஆரம்பித்ததைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினோம். எனக்கு என் சொந்த அக்காவே பரிசு வாங்கிவிட்டதைப் போலப் பெருமையாக இருந்தது.

வீட்டில், பெட்டிக்குள் அட்டையில் இருந்த, மென்பொருளின் பூட்டைத் திறக்கும் இருபத்தைந்து எழுத்துகளையும் சிஸ்டர் தனியாக அடிக்கவில்லை. வீரியமான மருந்தென்றால் வார்டில் இரண்டு பேர் பார்த்த பிறகுதான் ஊசியில் ஏற்றுவார்கள். “நான் படிக்கிறேன், நீங்க பாருங்க” என்றார். படித்தார், பார்த்தேன். பிறகு நான் படித்தேன், அவர் பார்த்தார். கடைசியில் பொத்தானை அழுத்தியதும் பட்டியலின் பூட்டு விலகியது. உரிமம் பெற்றவர் என்ற இடத்தில் தன் முழுப் பெயரை, தகப்பனாரின் முதலெழுத்தோடு, நிதானமாக அடித்தார். கணவரைக் கூப்பிட்டுக் காட்டினார். “என் பேர்ல இருக்குங்க” என்றார். அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, குனிந்து, அந்தப் பெயரைச் சத்தமாகப் படித்தார்.

பதினொன்றே முக்காலுக்குப் பட்டியல் போனது. பெற்றுக்கொண்டதாகப் பதிலும் வந்தது. உடனே அந்தக் கைக்குழந்தைக்காரிக்குப் போன் போட்டார். “பகல்தான்மா. மாசம் முழுக்கப் பகல்தான்” என்றார். அந்தப் பக்கம் அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள் போலிருக்கிறது. இந்தப் பக்கமும் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

அதோடு நான் எழுந்து போயிருக்கலாம். ஆனால் மாடியில் என்னுடைய இலவசப் பிரதி இரண்டு வாரமாக முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது.

“அக்கா, அந்த இருபத்தஞ்சு எழுத்தும் எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு. என் மெஷின்லயும் ஒருவாட்டி போட்டுக்கட்டுமா? யாருக்குத் தெரியப் போவுது?”

சிஸ்டர் கோபப்படவில்லை. இழுப்பறையைத் திறந்து சின்னக் குறிப்பேட்டை எடுத்தார். கடை இருக்கும் தெரு, போன் நம்பர், காலை பத்து மணி, ஞாயிறு விடுமுறை என்று கீழ்க்கீழாக எழுதினார். எழுதியதை ஒருமுறை சரிபார்த்து, தாளைக் கிழித்து, நான்காக மடித்து என் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு அது விழுந்துவிடாதபடி, பையின் மேல் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.