பந்தி வரிசையில் என் ஆய்வு

அரசியல் அறிவியல் படிக்கிறேன் என்று சொன்ன நாள் முதல் எங்கள் சொந்தத்தில் எனக்கு வைத்த பெயர் ஒய்.பி. சட்டமன்ற உறுப்பினரை இங்கே எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கல்யாண வீடோ காரிய வீடோ, உள்ளே நுழைந்தால் "ஒய்.பி. வந்தாச்சு, நாற்காலி போடுங்க" என்று ஒரு குரல் வரும். மாமா ஒருவர் மட்டும் அக்கறையாக, "படிச்சு முடிச்சா என்ன வேலைம்மா கெடைக்கும்?" என்று கேட்பார். கிண்டலைவிட அந்தக் கேள்விதான் எனக்கு எரிச்சல் மூட்டியது, ஏனென்றால் பதில் எனக்கும் தெரியாது.

எங்கள் துறையில் வாய்ப்பு என்பது ஆளுக்கொன்றாக வருவதில்லை. தலைநகரில், நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஆய்வு செய்து கொடுக்கும் நிலையம் ஒன்று இருந்தது. கடைசி ஆண்டில் எங்கள் வகுப்பிலிருந்து ஒருவரை மட்டும் அங்கே பயிற்சிக்கு எடுப்பார்கள். போனவர்கள் யாரும் வேலையில்லாமல் திரும்பியதில்லை என்று பேச்சு. அந்த இடத்துக்காக நான் ஏங்கினேன். அது கிடைக்காவிட்டால் தெப்ராவிலோ பாசிர் கூடாங்கிலோ ஏதாவது தொழிற்சாலை அலுவலகத்தில் உட்கார்ந்து கணினியில் எண்களைத் தட்டிக்கொண்டிருப்பேன் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

இடம் யாருக்கு என்பதை எங்கள் விரிவுரையாளர் முடிவு செய்வார். மலாய்க்காரர், கண்டிப்பானவர். நாங்கள் தொழிற்பயிற்சி செய்யும் இடத்திலேயே ஒரு கள ஆய்வு செய்து, அதைப் பொதுமக்கள் முன்னால் மேடையில் படைக்க வேண்டும். அவர் நேரில் வந்து பார்த்துப் புள்ளி போடுவார். எனக்குக் கிடைத்தது உலு திராம் பக்கம் ஒரு ஒய்.பி.யின் சேவை மையம். அடைத்த சாக்கடை, எரியாத தெருவிளக்கு, தெருநாய் என்று வருகிறவர்களின் குறைகளைக் குறித்துக்கொள்வதுதான் வேலை.

ஆய்வுக்கு நான் எடுத்த விஷயம் பேருந்து. அதே தொகுதியில் இருக்கும் எங்கள் தாமானுக்குள், அதாவது எங்கள் குடியிருப்புக்குள், பேருந்து வருவதில்லை. தொழிற்சாலைக்குப் போகும் பெண்கள் லாரிகள் ஓடும் பெரிய சாலையின் ஓரமாகவே நடந்துதான் நிறுத்தத்துக்குப் போவார்கள். வீடு வீடாகப் போய்க் கேட்டேன். அம்மாவும் அப்படி நடக்கிறவர்தான், மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. அவரிடம் கேட்டபோது, "எனக்கென்ன கஷ்டம்? நடந்தா ஒடம்புக்கு நல்லதுதானே. நீ மத்தவங்கள கேளு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார். நானும் விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் மண்டபத்தில் ஒய்.பி.யோடு மக்கள் சந்திப்பு. விரிவுரையாளர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அம்மா சமையல் பக்கம் உதவிக்குப் போயிருந்தார். மேடையில் என் ஸ்லைடு தயாராக இருந்தது. அதற்கு முன்னால் பொன்னாடை.

சேவை மையத்து அண்ணன் முதல் நாளே எச்சரித்திருந்தார். "ஒருத்தரையும் விட்டுறக்கூடாதுலா. ஒரு பொன்னாடை விட்டுப்போச்சுன்னா அடுத்த எலெக்ஷன் வரைக்கும் மூஞ்சியத் தூக்கி வெச்சிருப்பாங்க." யாரையும் விடவில்லை. தலைவருக்கு, துணைத்தலைவருக்கு, முன்னாள் தலைவருக்கு, மகளிர் அணிக்கு, இளைஞர் அணிக்கு, ஒலிபெருக்கி கொடுத்தவருக்கு. போட்டுக்கொண்ட ஒவ்வொருவரும் ஒலிவாங்கியைப் பிடித்து "ரெண்டே வார்த்தை" என்றார்கள். நம் ஆட்கள் ரெண்டே வார்த்தை என்றால் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வரலாம். விரிவுரையாளருக்கும் ஒன்று போட்டார்கள். அவர் பச்சைச் சரிகைக்குள் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் அறிவிப்பாளர், "நேரத்தின் அருமை கருதி மாணவியின் படைப்பு ஒத்திவைக்கப்படுகிறது" என்றார். நேரத்தின் அருமை! எனக்கு வந்த கோபத்தில் அந்த ஒலிவாங்கியைப் பிடுங்கிக் கீழே போட்டிருப்பேன். ஒய்.பி.க்கு அடுத்த நிகழ்ச்சி மாசாய் பக்கம். கார் கதவு திறந்தாகிவிட்டது. விரிவுரையாளர் தன் மதிப்பீட்டுத் தாளை மடித்துப் பைக்குள் வைப்பதைப் பார்த்தேன்.

ஆனால் கோயிலுக்கு வந்த ஒய்.பி.யைச் சாப்பிடாமல் அனுப்பியதாகச் சரித்திரம் உண்டா? தலைவர் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்து பந்தியில் உட்கார வைத்தார். இலை போட்டாகிவிட்டது, சோறு விழுந்தாகிவிட்டது. இனி அவர் பாதியில் எழுந்திருக்க முடியாது. எனக்கு அந்த நொடியில்தான் புத்தி வேலை செய்தது. பரிமாறிக்கொண்டிருந்தவரிடமிருந்து சாம்பார் வாளியை வாங்கிக்கொண்டு நேராக அவர் முன்னால் போய் நின்றேன்.

"ஒய்.பி., சாம்பார் ஊத்தட்டுங்களா? எங்க தாமானுக்குள்ள பஸ் வரமாட்டேங்குது."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சாம்பாருக்குச் சாலையோரத்தைச் சொன்னேன். ரசத்துக்கு மழைக்காலத்தைச் சொன்னேன். அவர் வேகமாகச் சாப்பிடப் பார்த்தார். நான் இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னேன். விரிவுரையாளர் இரண்டு நாற்காலி தள்ளி, சேவை மையத்து அண்ணன் மலாயில் சொல்லச் சொல்ல, அப்பளத்தை ஒடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் சரிம்மா," என்றார் ஒய்.பி. "கவுன்சில்ல கேட்டா, நடக்குற தூரம்தானேன்னு சொல்லுவாங்க. நெஜமா அடிபட்டவங்க யாராச்சும் இருக்காங்களா?"

எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. அப்போது பாயச வாளியோடு வந்த அம்மா அதைக் கீழே வைத்தார்.

"நான் இருக்கேங்க," என்றார்.

பெரிய மனிதர்கள் முன்னால் தலை நிமிர்ந்தே பேசாதவர் அம்மா. வளையலை மேலே தள்ளி, சரியாகக் கூடாத மணிக்கட்டைக் காட்டினார். போன மழைக்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று எங்களிடம் சொன்ன அதே கை. "லாரிக்காரன் ஒரசிட்டுப் போயிட்டான். காவாயில விழுந்தேன். வீட்ல சொல்லல. சொன்னா புள்ள படிப்ப விட்டுட்டு வேலைக்குப் போறேன்னு நிக்கும்." எனக்கு வாளி கனத்தது. அத்தனை வீட்டுக் கதவைத் தட்டிய எனக்கு என் வீட்டில் நடந்தது தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

ஒய்.பி. கை கழுவியதும் அங்கேயே நின்று யாருக்கோ போன் செய்தார். சில வாரங்களில் காலையும் மாலையும் பேருந்து தாமானுக்குள் வந்தது.

எனக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. விரிவுரையாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டு மெதுவாகத்தான் சொன்னார். மேடையில் படைக்காததற்குப் புள்ளி போட விதியில் இடமில்லை, சாட்சி சொன்னவர் ஆய்வாளரின் தாய், அதையும் கணக்கில் எடுக்க முடியாது. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதனால்தான் இன்னும் வலித்தது. இடம் என் தோழிக்குப் போனது. நல்ல பெண், தகுதியானவள். அன்றைக்கு அவளைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஆய்வறிக்கையின் கடைசிப் பக்கத்தில் அம்மாவைப் பற்றி எழுதியிருந்தேன். இதுவரை பேசாத ஒரு தொழிலாளிப் பெண், தன் உரிமைக்காகப் பொதுவில் குரல் கொடுத்த தருணம் என்று. மூன்று வருடப் படிப்பில் நான் எழுதிய மிகச் சிறந்த வாக்கியம் அதுதான் என்று எனக்கு ஒரு பெருமை.

வீட்டுக்கு வந்து செய்தியைச் சொன்னேன். அம்மா வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "பரவால்லம்மா, பஸ் வந்துச்சுல்ல, அது போதும்" என்று நானே தேற்றினேன்.

"பஸ்ஸு யாருக்கு வேணும்?" என்றார் அம்மா. "இத்தன வருசம் நடக்கலயா நான்? அந்த டீச்சர் பாத்துக்கிட்டு இருந்தாங்க. நான் வாயத் தொறந்தா உனக்கு அந்த எடத்தக் குடுப்பாங்கன்னுதானே அத்தன பேரு முன்னால கையக் காட்டுனேன்."