எல்லைக்கு இந்தப் பக்கம் ஆடிய தசரதன்

பிரான்சில் நான் குடியிருக்கும் இந்தச் சின்ன நகரத்தின் கால்பந்துக் குழு, கடைசி ஆட்டத்தின் கடைசி நேரம் வரை எங்கள் உயிரை வாங்கிவிட்டு, ஒருவழியாக முதல் பிரிவிலேயே தங்கிக்கொண்டது. குளிர்காலம் முழுக்க ஒரு வெற்றி இல்லை. பயிற்சியாளரை மாற்றினார்கள். கோல்கீப்பருக்கு முழங்கால் போயிற்று. ரொட்டிக் கடைக்காரர் ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். கடைசி ஆட்டத்தில் சமன் செய்து தப்பித்தார்கள். யாரும் வெடி போடவில்லை; எல்லோரும் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார்கள்.

அந்த அலுப்பை நான் முன்பே பார்த்திருக்கிறேன். 1991இல், ஒரகடத்துப் பக்கம், தசரதன் என்பவரின் முகத்தில்.

பாண்டிச்சேரியில் தமிழும் பிரெஞ்சும் படித்திருந்ததால் எனக்கு ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. பிரான்சிலிருந்து வந்து இறங்கிய இயந்திரங்களின் குறிப்புகளைத் தமிழில் சொல்ல வேண்டும். அவற்றில் ஒன்றை ஓட்டியவர் தசரதன். நாற்பதை நெருங்கும் வயது, அகன்ற தோள், தூக்கம் போதாத கண். முதல் நாள் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, “சார், மெஷினுக்கு எப்ப ரெஸ்ட் குடுக்கணும்னு எழுதிகிறானா?” என்றார்.

“எழுதியிருக்கிறது.”

“ஓட்றவனுக்கு?”

புரட்டிப் பார்த்தேன். அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

வடக்குப்பட்டுக்கு அடுத்து அவருடைய ஊர். அங்கே விடிவெள்ளி கால்பந்துக் குழு என்று ஒன்று இருந்தது. அதைத் தொடங்கியவரும் அவர்தான், கேப்டனும் அவர்தான், கோல் போஸ்ட்டுக்குக் குழி தோண்டுகிறவரும் அவர்தான். ஆட்டத்தில் ஸ்டாப்பர். அதாவது கோலுக்கு முன்னால் நின்று வருகிற பந்தையெல்லாம் திருப்பி அனுப்புகிற வேலை. இத்தனை ஆண்டுகளில் ஒரு கோல்கூடப் போட்டதில்லை என்று ஊரே சொல்லும். அவரும் மறுக்கமாட்டார்.

அந்த ஆண்டு வட்டார லீக்கின் முதல் பிரிவில் விடிவெள்ளிக்கு ஆன கதையைச் சொல்லி மாளாது. நல்ல கோல்கீப்பர் மெட்ராசில் வேலை கிடைத்துப் போய்விட்டான். பாதிப் பேருக்கு ஞாயிற்றுக்கிழமை ஓ.டி., அதாவது கூடுதல் நேர வேலை. கையில் கிரீஸோடு வந்து, இடைவேளை வரை ஆடிவிட்டு ஷிஃப்டுக்கு ஓடியவர்களும் உண்டு. ஒன்பது பேராக ஆடித் தோற்றார்கள், பதினொரு பேராக ஆடியும் தோற்றார்கள். தண்டலத்துக் கல்லூரி மைதானத்தில் தங்கள் கோலிலேயே போட்டுக்கொண்டும் தோற்றார்கள்.

கடைசி இடத்தில் நிற்கும் குழு இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டும். இரண்டாம் பிரிவு ஆட்டங்கள் எல்லாம் வார நாட்களில். தொழிற்சாலைக்குப் போகிறவன் செவ்வாய்க்கிழமை மாலை எங்கே பந்தாடுவது? இறங்கினால் குழுவே கலைந்துவிடும். அது தசரதனுக்குத் தெரியும். தெரிந்ததால்தான், சித்திரையில் ஒரு தோல்விக்குப் பிறகு நேராகத் திரௌபதி அம்மன் கோயிலுக்குப் போய், “டீமைக் காப்பாத்து. இந்தத் திருவிழாவுலயே தீ மிதிக்கிறேன்” என்று வேண்டிக்கொண்டு வந்துவிட்டார்.

கடைசி ஆட்டம் மே மாத இறுதியில் நடந்திருக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த அந்த மே மாத இரவுக்குப் பிறகு, பதினொரு பேர் ஓரிடத்தில் கூடினாலே போலீஸ் வந்து பெயரைக் கேட்டது. லீக்கை நிறுத்திவைத்தார்கள். ஆடி பிறந்தது. தசரதன் மஞ்சள் உடுத்தி, கையில் காப்புக் கட்டிக்கொண்டார். ஒருவேளைச் சாப்பாடு, கோயிலில் படுக்கை, காலில் செருப்பில்லை. தீ மிதித்துக் காப்பை அவிழ்க்கும் வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அதற்காகக் கம்பெனியில் இருந்த லீவையெல்லாம் போட்டுவிட்டார்.

காப்புக் கட்டிய மறுநாள் லீக்கிலிருந்து கார்டு வந்தது. விட்டுப்போன ஆட்டம் வரும் ஞாயிற்றுக்கிழமை, வாலாஜாபாத்தில். சமன் செய்தால் விடிவெள்ளி தப்பும், தோற்றால் இறக்கம்.

கோயில் வாசலில் உட்கார்ந்து கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் தசரதன். “டீமுக்காக கட்ன காப்பு சார் இது. இப்ப டீமுக்கே போவ முடியல.”

அவருடைய மனைவி கோவிந்தம்மா அங்கேதான் நின்றிருந்தாள். “வேண்டிக்கறப்ப தேதி கேட்டுகினு வேண்டிக்கக் கூடாதா?” என்றாள்.

அவர் போக முடியாததால் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூருக்குப் போனேன். லீக் செயலாளர் பராசரனுக்கு வங்கியில் வேலை, கோயிலில் கைங்கரியம். நெற்றியில் திருமண் ஈரம் காயாமல் வாசலுக்கு வந்தார்.

“மழைக்கு ஒத்திவெச்சிருக்கோம், பரீட்சைக்கு ஒத்திவெச்சிருக்கோம். மஞ்சக் கயித்துக்கு ஒத்திவெச்சதில்லையே ஓய்.”

“ஒத்திவைக்க வேண்டாம் சார். அவர்கள் ஊர் ஏரியில் ஆடினால் போதும்.”

“வாலாஜாபாத் கேப்டன் பகலவன் சம்மதிக்கணும். அவன் அப்பா அந்தக் காலத்திலேயே சாமி இல்லேன்னு மேடை போட்டுப் பேசினவர். அவன்கிட்டப் போய் அம்மன் காப்புன்னு சொல்லுங்கோ. சம்மதிச்சான்னா எனக்கு ஆட்சேபணை இல்லை.”

வாலாஜாபாத் வரை மிதித்தேன். பகலவன் தன் அரிசி மண்டியில் இருந்தார்.

“தீயில நடக்கறதுக்கு வேகமா நடந்தா போதும் தோழர். அம்மன் எதுக்கு?” என்றார்.

“அதை நீங்களே அவரிடம் நேரில் வந்து சொல்லலாமே.”

சிரித்துவிட்டார். “ராத்திரி கூத்து உண்டா?”

“தினமும் உண்டு.”

“அப்ப எங்க பசங்க இப்பவே லாரி ஏறிடுவானுங்க. சரி, சாமி இல்லேன்றவன் வந்து ஆடறேன். சாமி இருக்குன்றவர ஒழுங்கா ஆடச் சொல்லுங்க.”

வேலை முடிந்தது என்று நினைத்தேன். சனிக்கிழமை, வறண்ட ஏரிக்குள் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது கோவிந்தம்மா வந்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு இரண்டு கோல் போஸ்ட்டையும் பார்த்தாள்.

“ஏன்யா, அந்தாண்ட போஸ்ட்டு எந்த ஊர்ல கீது?”

கோடு போட்டவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“கல்லுக்கும் பனமரத்துக்கும் அந்தாண்ட பக்கத்து ஊரு. தண்ணி இருந்தா மீன் குத்தகைக்கு மண்டைய ஒடச்சிக்கிறீங்களே, இப்ப வறண்டா எல்லை அழிஞ்சிபூடுமா?”

அவள் சொன்னது சரி. எல்லை மைதானத்தின் நடுவில் ஓடியது. மைதானத்தை நகர்த்தவும் வழியில்லை. ஊர்ப் பக்கத்தில் கோலுக்குப் பின்னால் முழுக்கச் செங்கல் சூளைக்கு மண் வெட்டிய பள்ளம். பூசாரியைக் கூட்டிவந்து கேட்டார்கள். அவர் கல்லையும் பனையையும் பார்த்துவிட்டு, “இந்தம்மா சொல்றதுதான் சரி” என்று போய்விட்டார்.

“பாதி கிரவுண்டு போதும்மே எனக்கு” என்றார் தசரதன்.

“அந்தப் பாதியில கால வெச்சே, வெள்ளிக்கிழம குண்டத்துல வெந்துடும். அப்பறம் மெஷின்ல யாரு நிப்பா, பாண்டிச்சேரி சாரா?”

செம்மண் கரைத்து, கல்லிலிருந்து பனைமரம் வரை அவளே ஒரு கோடு இழுத்தாள். நடுக்கோட்டை ஒட்டி, ஒரு முனையில் கொஞ்சம் சாய்ந்து போயிற்று அது.

மறுநாள் ரெஃப்ரி அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்து, “இது எந்த ரூல்ல இருக்கு?” என்றார்.

“மூடநம்பிக்கை ரூல்ல சார். வுடுங்க, ஆடலாம்” என்றார் பகலவன்.

ஆனால் அவர் விவரமானவர். டாஸில் ஜெயித்து, விடிவெள்ளிக்கு முதல் பாதியில் ஊர்ப் பக்கத்துக் கோலைக் கொடுத்துவிட்டார். இடைவேளைக்குப் பின் பக்கம் மாறும். அப்போது விடிவெள்ளியின் கோல் அடுத்த ஊரில் இருக்கும். காக்க வேண்டியவர் அங்கே போக முடியாது.

நான் லைன்ஸ்மேன்.

முதல் பாதியில் தசரதனைத் தாண்டி ஒன்றும் போகவில்லை. மஞ்சள் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, வெறுங்காலோடு, ஒருவேளைச் சோற்றில், வந்த பந்தையெல்லாம் உதைத்தார், தலையால் முட்டினார், ஒருமுறை மார்பில் வாங்கிக் கீழே விழுந்து எழுந்தார். இடைவேளையில் தண்ணீர்கூடக் குடிக்காமல் கோட்டுக்கு இந்தப் பக்கம் மல்லாந்து கிடந்தார். முன்னால் ஆடுகிற டில்லிபாபு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவனும் எங்கள் தொழிற்சாலைதான்.

“ணா, இப்ப இன்னா பண்றது?”

“நீ பேக்ல நில்லு. நான் முன்னால நிக்கறேன்.”

“நீயா? முன்னாலயா? நின்னு இன்னா பண்ணுவ?”

“நிப்பேன். வேற எங்க நிக்கறது?”

அப்படியே நின்றார். எதிரணிக் கோலுக்கு முன்னால், தன் வாழ்நாளில் நிற்காத இடத்தில். வாலாஜாபாத்தின் ஸ்டாப்பரான பகலவன் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். அந்தப் பக்கம் சத்தம் எழும்போதெல்லாம் தசரதன் சிவப்புக் கோடு வரை ஓடுவார், நிற்பார், “டேய், ஆளப் புடிடா! பந்தப் பாக்காதடா!” என்று கத்துவார், திரும்பி வருவார்.

“தோழர், தாண்டிப் போங்க. ஒண்ணும் ஆவாது. நான் கேரண்டி” என்றார் பகலவன்.

“உன் கேரண்டி கார்த்தால வரைக்கும் நிக்குமாய்யா? நான் அவகூட குடித்தனம் பண்ணணும்.”

கரையில் கோவிந்தம்மா, சரியாகக் கோட்டின் முனையில், பனைமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். பந்தை அவள் பார்க்கவே இல்லை. அவருடைய காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாலாஜாபாத் ஒரு கோல் போட்டது. தசரதன் அங்கே இருந்திருந்தால் போயிருக்காத கோல். கோட்டோரம் நின்று பார்த்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அவ்வளவுதான், முடிந்தது என்று எனக்குத் தோன்றியது.

பிறகு டில்லிபாபு தன் கோலுக்குப் பக்கத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி ஒன்று உதைத்தான். பந்து உயரப் போய், பகலவனின் தலைக்கு மேலே குதித்து, வாலாஜாபாத் கோலுக்கு முன்னால் இறங்கியது. தசரதன் அதை நோக்கி ஓடினார். ஓட்டம் என்று சொல்ல முடியாது. கால் தானாக இழுத்துக்கொண்டு போயிற்று. அவர்களுடைய கோல்கீப்பர் முன்னே பாய்ந்து வந்தான். அவனுக்குத்தான் பந்து முதலில் எட்டியிருக்கும். வந்தவன் மஞ்சள் வேட்டியையும் மணிக்கட்டில் காப்பையும் கண்டான். சட்டென்று ஒதுங்கி நின்றுவிட்டான். பந்து தசரதனின் முட்டியில் பட்டு, அவசரமே இல்லாமல் உருண்டு உள்ளே போயிற்று.

“ஏன்டா நின்ன?” பகலவன் அலறினார்.

“காப்புக் கட்னவர் மேல எப்பிடிணா மோதறது? எங்க வூட்லயும் அம்மன் கும்புட்றாங்க.”

பகலவன் தலையில் அடித்துக்கொண்டார். “சாமியக்கூட சமாளிச்சிடலாம். உங்கள வெச்சிகினு முடியலடா.”

அதற்குப் பிறகு ஆட்டம் முழுக்க அந்தப் பாதிக்குப் போய்விட்டது. கார்னர் மேல் கார்னர். பகலவனும் முன்னால் போய்விட, இந்தப் பக்கம் தசரதனும் அந்தக் கோல்கீப்பரும் மட்டும். தசரதன் கோட்டில் கட்டைவிரல் படாமல் நின்றார். கடைசிக் கார்னர் வந்தது. பந்து நாலைந்து கால்களுக்கு நடுவே சிக்கி வெளியே உருண்டது, கோட்டை நோக்கி, அவர் இரண்டே எட்டில் எட்டக்கூடிய இடத்துக்கு. வாலாஜாபாத் ஆள் ஒருவன் அதை உதைக்க ஓடி வந்தான். தசரதனின் வலது கால் தரையை விட்டு எழும்பியது.

கோவிந்தம்மா எழுந்து நின்றாள்.

கால் அப்படியே நின்றது. பிறகு எழும்பிய இடத்திலேயே இறங்கியது. ஓடி வந்தவன் உதைத்தான். டில்லிபாபு குறுக்கே விழுந்தான். பந்து அவன் முதுகில் பட்டுக் கோலுக்கு மேலே போயிற்று. விசில் ஊதிவிட்டது.

பையன்கள் ஓடிவந்து தசரதனைத் தோளில் தூக்கினார்கள். அவர், “டேய், எல்லை! எல்லைடா!” என்று கத்த, திருப்பிக்கொண்டு ஊர்ப் பக்கமாகத் தூக்கிப் போனார்கள். இறக்கிவிட்டதும் உட்கார்ந்தார். முட்டி வீங்கியிருந்தது. பகலவன் வந்து கை கொடுத்து, “வெள்ளிக்கிழம வரேன், வேடிக்க பாக்க” என்றார். வந்தார். கூட்டத்தில் முன்வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தசரதன் வீங்கிய காலோடு குண்டத்தில் இறங்கி, வேகமாக நடக்க முடியாமல், மெதுவாகத்தான் நடந்து போனார். கரையேறியதும் கோவிந்தம்மா குனிந்து பாதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகுதான் அழுதாள். பகலவன் கட்டியிருந்த கையை அவிழ்த்துக்கொண்டார்.

திங்கட்கிழமை முதல் ஷிஃப்டில் தசரதன் இயந்திரத்தின் முன் நின்றார். மணிக்கட்டில் காப்பு இல்லை. டில்லிபாபு வந்து, ஜனவரியில் அடுத்த லீக் தொடங்கும்போது கோல்கீப்பருக்கு யாரைப் போடுவது என்று கேட்டான்.

தசரதன் என் பக்கம் திரும்பி, அவனுக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

“எறங்கிட்டிருந்தா இந்த வருசமாவது நிம்மதியா தூங்கியிருப்பேன் சார்.”

மெஷின் ஓடத் தொடங்கியது. அதன் சத்தத்துக்கு மேலே அவனிடம் கத்தினார்: “ஞாயித்துக்கெழம காலைல வாடா. ஓ.டி. கீதுன்னு சொல்லாத. மொதல்ல உன்னயே போஸ்ட்ல நிக்க வெச்சுப் பாக்கலாம்.”