தண்ணீர் நிறம் மாறியபோது

கம்போடியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லாமல் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போயிருந்த என் மகள், லீவு கிடைத்ததும் இருப்பதிலேயே மலிவான பஸ் பிடித்து லாவோசுக்குப் போய்விட்டாள். தென்காசியில் நான் சமையலறையில் நின்றபோது வீடியோ காலில் வந்தாள். முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தாள்; பின்னால் ஓர் அருவி.

“யம்மா, நம்ம ஐந்தருவி மாதிரியே இருக்குல்லா? இங்கன வெரட்டதுக்குப் போலீஸே கிடையாது.”

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வெள்ளையாக விழுந்துகொண்டிருந்த தண்ணீர் ஓரத்தில் செம்மண் நிறமாகிக்கொண்டிருந்தது. சருகும் குச்சியும் சேர்ந்து வந்தன. குற்றாலத்தில் அப்படிக் கண்டால் போலீஸ்காரர்கள் விசில் ஊதி எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள்.

“ஏட்டி, தண்ணி கலங்குது. மேல ஏறு.”

“இங்கன வெயில்லா அடிக்கு!”

“மலைக்குள்ள பெஞ்சிருக்கும். ஏறுட்டி!”

படம் ஆடியது. பெரிய இரைச்சல் கேட்டது. அழைப்பு அறுந்தது. அந்த இரைச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது.

திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். மணியே அடிக்கவில்லை.

“சிக்னல் போயிருக்கும். நீயா எதையாவது நெனைக்காத” என்றார் கணவர். ஆனால் அவரும் உட்காரவில்லை. அங்கே யாரைக் கூப்பிடுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அருவியின் பெயர்கூடத் தெரியாது.

மதியச் சோறு ஆறிப்போன பிறகு அவளே கூப்பிட்டாள்.

“ஏறிட்டேம்மா. நான் நின்ன பாறை இப்ப தெரியல.”

“எங்க நிக்கே? காலக் காட்டு” என்றேன்.

போனைக் கீழே திருப்பினாள். செருப்பில்லாத இரண்டு கால்கள், தார் ரோட்டின் மேல்.

“போதுமாம்மா?”

“இன்னும் கொஞ்ச நேரம் அப்பிடியே வச்சிரு.”