தீவுக்குப் போக ஒரு சாவு

தாட்சாயணிக்கு ஊசி குத்துவதுதான் பிழைப்பு. திருப்பதியில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், காலையில் வெறும் வயிற்றோடு வந்து நிற்பவர்களின் நரம்பைத் தடவிப் பிடித்து, அவர்கள் முகம் சுளிப்பதற்குள் வேலையை முடித்து, பஞ்சை அழுத்திக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிடுவாள். ஊசியைக் கண்டு கண்ணீர் விடுகிற ஆண்களையும் மயங்கிச் சரிகிற போலீஸ்காரர்களையும் பார்த்துப் பார்த்து, மனிதர்கள்மேல் அவளுக்கு வெறுப்பும் கிடையாது, பெரிய மதிப்பும் கிடையாது.

அவள் செய்த ஒரே பெரிய தப்பு அலிபிரிக்குப் பக்கத்தில் வீடு கட்டியது. மலைக்கு நடந்து ஏறுகிற பாதை அங்கேதான் தொடங்குகிறது. திருவள்ளூரிலிருந்தும் ஆரணியிலிருந்தும் பெருமாளைப் பார்க்கக் கிளம்புகிற சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் முதலில் தாட்சாயணியைத்தான் பார்த்தார்கள். ராத்திரி வந்து படுப்பார்கள். விடியற்காலையில் வெந்நீர் கேட்பார்கள். செருப்புகளை வாசலில் குவித்துவிட்டு ஏறுவார்கள். மறுநாள் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு திரும்பி வந்து அவள் தலையணையில் சாய்வார்கள். போகும்போது ஒரு லட்டைக் கையில் வைத்து, "உனக்கின்னாம்மா, பெருமாள் காலடியிலயே கீறே" என்பார்கள். அவள் பெருமாளைப் பார்த்துப் பல வருஷமாகியிருந்தது. வருகிறவர்களுக்கு இட்லி ஊற்றுகிறவள் மலையேறுவது எப்போது?

மாட்டேன் என்று சொல்ல முடியாதா என்றால், முடியாது. மலைக்கு வருகிறவர்களை வராதே என்பது சாமி குத்தம். திருப்பதியில் குடியிருப்பவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். ஊரில் வாடகை வீடு தேடும்போதே, பஸ் நிலையத்துக்குத் தூரமாகப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு நாள் மதியம் சாப்பிடும்போது செல்போனில் அந்தமான் தீவு ஒன்றின் வீடியோ வந்தது. மழைக்காலம். காட்டைத் தாண்டி ஒரு கடற்கரை. மழை கொட்டுகிறது, தென்னை சாய்ந்து ஆடுகிறது, அலை வருகிறது, போகிறது. வீடியோ முடியும்வரை ஒரு மனித உரு கண்ணில் படவில்லை. தாட்சாயணிக்குக் கடல் பிடித்தது என்று சொல்வதற்கில்லை. ஆள் இல்லாதது பிடித்தது. சோற்றுக் கையோடு இரண்டாம் முறையும் பார்த்தாள்.

சாயங்காலமே டிராவல்ஸுக்குப் போனாள். அங்கே இருந்த யஸ்வந்த் என்கிற பையன் நல்லவன். வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டு உண்மையைச் சொன்னான்.

"மேடம், ஜூலை ஆகஸ்ட்டுல எவரூ போரு. யாருமே போவ மாட்டாங்க. தெனம் மழை. போட் எப்ப ஓடும், எப்ப நிக்கும்னு சொல்ல முடியாது. கடல்ல எறங்க வுட மாட்டாங்க. டிசம்பர்ல வாங்க, ஜனம் ஜேஜேன்னு இருக்கும்."

"இப்ப போனா ஜனம் இருக்காதா?"

"சுத்தமா இருக்காது மேடம்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"அப்ப போடு. ரெண்டு பேருக்கு."

இரண்டாவது ஆள் அவள் கணவர் வெங்கடரமணன். ஒரு பஸ் நிலையத்து விசாரணை ஜன்னலில் உட்கார்ந்து, "இப்ப வந்துடும், இப்ப வந்துடும்" என்று வாழ்நாள் முழுவதும் சொல்லி ஓய்வு பெற்றவர். யாரையும் வருத்தப்பட வைக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. அதற்காக எவ்வளவு பொய் வேண்டுமானாலும் சொல்வார்.

தாட்சாயணி முறையாகத் தயாரானாள். சேற்றில் நடக்க ரப்பர் பூட்ஸ், மஞ்சள் மழைக்கோட்டு, கரையில் கடிக்கிற மணல் ஈக்குத் தேங்காய் எண்ணெயில் வேப்பெண்ணெய் கலந்து ஒரு பாட்டில். பூட்ஸ் காலைக் கடிக்கிறதா என்று பார்க்க, அதையும் கோட்டையும் மாட்டிக்கொண்டு சொட்டு மழையில்லாத அலிபிரிச் சாலையில் தினமும் நடந்தாள். மலையேற வந்த ஒரு பெண் மரியாதையாக ஒதுங்கி நின்று, "இது இன்னா வேண்டுதல்மா?" என்று கேட்டாள்.

நாளும் யோசித்துக் குறித்ததுதான். ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள். ஆடியில் அவள் பிறந்த வீட்டார் எல்லோரும் திருத்தணி முருகனுக்குக் காவடி எடுக்கப் போய்விடுவார்கள். தீவுக்கும் சீசன் இல்லை, அவள் வீட்டுக்கும் சீசன் இல்லை.

கிருத்திகைக்கு ஒரு வாரம் இருக்கும்போது அண்ணன் கோவர்த்தனன் திருவள்ளூரிலிருந்து பேசினார். போனை எடுத்தது வெங்கடரமணன்.

"மாப்ளே, காவடி முடிச்சிக்கினு அப்படியே திருப்பதிக்கு வந்துடறோம். திருத்தணி வரைக்கும் வந்துட்டு மேல வராம போனா நல்லாவா இருக்கும்? நானும் எங்க வூட்டுக்காரியும்தான். நாலு நாள் தங்கறாப்ல பாத்துக்க."

தாட்சாயணி எதிரே நின்று, இல்லை என்று சொல்லும்படி கையை ஆட்டினாள். மனிதர் அந்தக் கையைப் பார்த்தார். போனைப் பார்த்தார். பிறகு, "வீட்ல தீட்டு மச்சான்" என்றார்.

தீட்டு வீட்டில் சாப்பிட்டுவிட்டு யாரும் மலையேற மாட்டார்கள். அதைவிடப் பலமான பூட்டு இந்தப் பக்கத்தில் கிடையாது. தாட்சாயணியே ஒரு கணம் புருஷனை வியந்து பார்த்தாள்.

"அய்யய்யோ, யாரு?"

"எங்க பங்காளி. சத்தியவேடு பக்கம். சின்னசாமின்னு."

அப்படி ஒருவர் இல்லை. இருந்ததும் இல்லை.

"சின்னசாமியா!" என்று அந்தப் பக்கம் குரல் உடைந்தது. "உங்க கல்யாணத்துல பந்தி விசாரிச்சாரே, கட்டை மீசை! இன்னொரு கரண்டி சாம்பார் ஊத்துன்னு எனக்காகச் சண்டை போட்டாரே! நல்ல மனுசன். புள்ளைங்க?"

"புள்ளை இல்ல மச்சான்." பிள்ளை இருந்தால் முகவரி கேட்பார்கள் என்று வெங்கடரமணனுக்குப் பயம்.

"அப்ப கொள்ளி நீதான் வெச்சியா?"

கேள்வி வேகமாக வந்தது. "ஆமா மச்சான்" என்றுவிட்டார்.

போனை வைத்ததும் தாட்சாயணி கேட்டாள்: "எதுல செத்தாரு?"

"ஹார்ட்டுன்னு சொல்லலாமா?"

"சொல்றதுக்கு முன்னாடி யோசிக்கணும். இப்ப கேட்டா?"

அடுத்த நாட்களில் ஆரணியிலிருந்தும் வேலூரிலிருந்தும் போன் வந்தது. சின்னசாமிக்குச் சர்க்கரை இருந்ததாம். மனைவி செத்த பிறகு யாரும் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லையாம். ஒருத்திக்கு அவர் வாழைத்தார் கொடுத்திருக்கிறார். இன்னொருத்தர் அவரிடம் மாடு வாங்கி ஏமாந்திருக்கிறார். உயிரோடு இருக்கிற வெங்கடரமணனைப் பற்றி இத்தனை பேர் இத்தனை விஷயம் சொல்லி தாட்சாயணி கேட்டதில்லை.

ஆனாலும் வீடு காலியாகவே இருந்தது. கிருத்திகையும் போனது. மறுநாள் காலை சென்னைக்குப் போக வாடகைக் கார் சொல்லியிருந்தார்கள். கார் வரும் நேரத்தில் தாட்சாயணி பை கனக்கக் கூடாது என்று கோட்டையும் பூட்ஸையும் உடம்பிலேயே மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள். வாசலில் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தாள். அண்ணி சுந்தராம்பாள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள். பின்னால் அண்ணன், துக்க வீட்டுக்கு வழக்கம்போல அரிசி மூட்டையும் காய்கறியும் சுமந்துகொண்டு நின்றார். காவடிக்கு முன்னால் தீட்டு வீட்டுக்கு வரக் கூடாது என்று பொறுத்திருந்து, முடிந்த கையோடு வந்திருக்கிறார்கள்.

ராகம் பாதியில் நின்றது. சுந்தராம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாத்தனாரை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"இன்னாடி இது வேஷம்? பூட்ஸு, கோட்டு! துக்க வூட்ல இன்னா ஃபயர் சர்வீஸு?"

வெங்கடரமணன் பின்னாலிருந்து பாய்ந்து வந்தார். "அஸ்தி கரைக்கப் போறோம் அக்கா. கடல்ல."

"எந்தக் கடல்ல?"

"அந்தமான்ல."

"ராமேஸ்வரம் கீது, மெட்ராஸ் கீது. அந்தமானா?"

"அவரோட கடைசி ஆசை."

கோவர்த்தனன் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சினார். "அவரு அப்படித்தான். எதையும் சின்னதா நெனைக்க மாட்டாரு. நாங்களும் வரோம் மாப்ளே. அவருக்கு யாரு கீறாங்க?"

இதுதான் தாட்சாயணிக்குப் பொறுக்கவில்லை. ஆள் இல்லாத கடற்கரையில், குடை பிடித்துக்கொண்டு, பக்கத்தில் அண்ணி நிற்கிற காட்சி அவள் கண்முன் வந்தது. நரம்பைக் கண்டுபிடித்தால் யோசிக்காமல் குத்திவிட வேண்டும் என்பது அவள் தொழில் முறை.

"அண்ணா, சின்னசாமின்னு யாரும் கிடையாது. யாரும் சாவல. உங்களை வர வேணாம்னு சொல்ல வாய் வராம இவரு சொன்ன பொய் அது. நான் தீவுக்கு மழை பாக்கப் போறேன். அங்க யாரும் இருக்க மாட்டாங்க. அதுக்குத்தான் போறேன்."

வெங்கடரமணன் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

சுந்தராம்பாள் மெதுவாக வந்து நாத்தனாரின் கன்னத்தைத் தடவினாள். பிறகு கணவரைப் பார்த்துத் தாழ்ந்த குரலில், "பாத்தீங்களா, துக்கம் மூளைக்கு ஏறிடுச்சு" என்றாள். "எங்க பெரியம்மா செத்தப்ப எங்க நைனாவும் இப்படித்தான், அப்படி ஒருத்தியே இல்லன்னாரு."

"அண்ணி, எனக்கு மூளை நல்லாத்தான் இருக்கு."

"இருக்கும்மா, இருக்கும். நான் அந்த மீசையைக் கண்ணால பாத்திருக்கேன். இல்லன்றியே!"

கோவர்த்தனன் பெரியவராக ஒரு முடிவுக்கு வந்தார். "பொம்பளை ஆளு, சின்னசாமி மேல இவ்ளோ பாசம் வெச்சிருக்கா. அவளை இந்த வூட்லயே அடைச்சி வெச்சா நல்லதில்ல. கடல்காத்து பட்டா தெளிஞ்சிடும். அவ போவட்டும். கூட்டம் இல்லாத எடம்தான் அவளுக்கு நல்லது."

"அப்ப நான்?" என்றார் வெங்கடரமணன், பையைத் தோளில் போட்டபடி.

"நீ எப்படிப் போவ மாப்ளே? எனக்கே இப்பதான் ஞாபகம் வருது. கொள்ளி வெச்சவன் கருமாதி முடியாம ஊர் எல்லை தாண்டலாமா? அதுவும் கடல் தாண்டி!" அண்ணன் அவர் தோளிலிருந்து பையைக் கனிவோடு இறக்கினார். "கவலைப்படாத. அஸ்தியைக் கருமாதிக்கு அப்புறம் கரைச்சிக்கலாம். மச்சான் முறைக்கு நான் வேட்டி துண்டு எடுத்தாந்திருக்கேன். கருமாதி முடியற வரைக்கும் நாங்க இங்கயேதான் இருப்போம். அது சரி, இன்னும் மீசையை எடுக்கலியா நீ?"

வெங்கடரமணன் மனைவியைப் பார்த்தார். சாயம் பூசிச் சீவி வைத்திருந்த மீசை லேசாகத் துடித்தது. அவர் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் எதிரே மச்சான் கண் கலங்கி நின்றார். யாரையும் வருத்தப்பட வைக்கக் கூடாது.

"கருமாதி அன்னிக்கு எடுக்கலாம்னு இருந்தேன் மச்சான்" என்றார்.

வெளியே கார் ஹாரன் அடித்தது. தாட்சாயணி புருஷனிடம் பிரஷர் மாத்திரை இருக்கிற அலமாரியைக் காட்டினாள். அண்ணியிடம் சமையலறைச் சாவியைக் கொடுத்தாள். துக்க வீட்டிலிருந்து போகிறவர்கள் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது என்பதால், யாரும் அவளிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை. பேசாமல் ஏறி உட்கார்ந்தாள்.

தீவில், யஸ்வந்த் சொன்னபடியே மழை. சொன்னபடியே போட் நின்றது, சொன்னபடியே கடலில் இறங்க விடவில்லை. அவள் தங்கிய விடுதியில் வேறு ஒரு ஆள் கிடையாது. யாரும் வெந்நீர் கேட்கவில்லை. முதல் நாள் முழுக்கத் தூங்கினாள்.

மறுநாள் விடுதிக்காரர் தேநீரோடு வந்தார். ராமநாதபுரத்திலிருந்து அவர் தாத்தா காலத்தில் வந்த குடும்பமாம். மாதக் கணக்கில் பேச ஒரு விருந்தாளி கிடைக்காத மனிதர். நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தார்.

"அம்மாவுக்கு எந்த ஊரு? ஆந்திராப் பக்கமா? எங்க வீட்ல எல்லாருக்கும் ரொம்ப நாளா ஒரு வேண்டுதல் கெடக்கு. புரட்டாசியில திருப்பதிக்கு வரலாம்னு இருக்கோம், பதினோரு பேரு. அங்க தெரிஞ்சவங்கன்னு ஒருத்தர் இல்ல பாருங்க."

தாட்சாயணி கடைசி வாய்த் தேநீரைக் குடித்துக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"சித்தூரு" என்றாள்.

"திருப்பதிக்குப் பக்கமாச்சே?"

"பக்கம்னு சொல்ல முடியாது. பஸ்ஸு சரியா கிடைக்காது."

பூட்ஸை மாட்டிக்கொண்டு, கோட்டின் பட்டன்களைக் கழுத்துவரை போட்டு, காட்டுப் பாதையில் மழைக்குள் இறங்கினாள்.