பத்தொன்பதில் நின்ற உப்புத்தண்ணீர்

நான் ஒரு முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் நீங்களாகக் கண்டுபிடித்தால் இன்னும் அவமானம். மரக்காணத்தில் அக்கா வீட்டுக்காரருக்கு உப்பளம். தண்ணீரில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்ற டிகிரியைப் பார்க்க அவர் வைத்திருந்த கண்ணாடிக் குழாயை எடுத்துப் பார்க்கிறேன் பேர்வழி என்று உடைத்தேன். அதற்கு ஈடாக, "இனிமே போன்லயே பாருங்க மாமா" என்று பாத்தியில் ஒரு சென்சாரை நட்டு, புரோகிராமும் எழுதினேன்.

பெரிய பாத்தியில் காயும் தண்ணீர் இருபத்தைந்து டிகிரியைத் தொட்டதும் மடையைத் திறந்து, உப்பு விளையும் பாத்திக்கு விட வேண்டும். தாமதித்தால் பெரிய பாத்தியின் சேற்றிலேயே உப்பு உறைந்து வீணாகும்.

போன் பதினெட்டு என்றது. பிறகு பத்தொன்பது. அதோடு உட்கார்ந்துவிட்டது. வெயிலோ கொளுத்துகிறது. வரப்பில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். போனைக் குலுக்கிக்கூடப் பார்த்தேன், டிகிரி ஏறும் என்று.

"ஏம்பா, தெறக்கலாமா?" மடையருகே மண்வெட்டியோடு மாமா.

"இன்னும் ஆறு டிகிரி மாமா."

அடுத்த முறை பார்த்தால் சைபர். மாமா எட்டிப் பார்த்தார்.

"கடல் தண்ணியே மூணு டிகிரி இருக்குதுடா. சைபர்னா? கேன் தண்ணியா விட்டு வெச்சிருக்கேன்?"

சென்சார் அனுப்பிய மூல வரியைத் திறந்தேன். '1A' என்றிருந்தது. அந்தச் சென்சார் நம்மைப்போல் பத்து பத்தாக எண்ணாது. பதினாறு பதினாறாக எண்ணும். ஒன்பதுக்கு மேல் ஏ, பி என்று எஃப் வரை போய், பதினாறைத்தான் '10' என்று எழுதும். அது '19' என்று எழுதினால் பொருள் இருபத்தைந்து. '1A' என்றால் இருபத்தாறு. எழுத்தை எண்ணாக மாற்றும் வரியில் 'பதினாறு' என்று குறிப்பிட மறந்த மேதாவி நான். போதாததற்கு, எண்ணாக மாறாவிட்டால் சத்தமில்லாமல் சைபர் காட்டவும் சொல்லி வைத்திருந்தேன், மாமா முன்னால் மானம் போகக் கூடாதே என்று.

"தெறங்க மாமா! தெறங்க!"

மண்ணை வெட்டித் தள்ளினார். தண்ணீர் பாய்ந்தது. ஆனால் பெரிய பாத்தியின் அடியில், சேற்றின் மேல், அதற்குள் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. மாமா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வரப்பில் நின்றபடியே அந்த வரியைத் திருத்தினேன்.

"மாமா, இப்ப கரெக்டா காட்டுது. இருபத்தாறு!"

"எறங்கி வந்து உப்ப வாரு."