கிளட்ச்சிலிருந்து காலை எடுங்க

இது நடந்தது. எனக்கே நடந்தது. நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். கெஞ்சி நம்பவைக்க எனக்குத் தெம்பில்லை. இருந்த பொறுமையையெல்லாம் மூன்று ஒர்க்ஷாப் பெஞ்சுகளில் உட்கார்ந்தே தீர்த்துவிட்டேன்.

நான் ஒரு பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கிற வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க நான் சொல்வது ஒன்றுதான்: "உட்காருங்க, கூப்பிடுவோம்." அதையே மெக்கானிக்குகள் எனக்குத் திருப்பிச் சொன்னபோதுதான், அது எவ்வளவு எரிச்சலான பேச்சு என்று புரிந்தது.

கார் வாங்கியது தம்பிக்காக. அவனுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். எங்களுக்குக் கிடைத்தது மாலை ஏழு மணி மெஷின். கால் மணி நேரம் தாமதமானால் அடுத்த ஆளை ஏற்றிவிடுவார்கள். ஒரு முறை தவறினால் அவனுக்கு உடம்பு வீங்கி மூச்சு இரைக்கும். அடுத்தடுத்து இரண்டு முறை தவறினால் என்ன ஆகும் என்று டாக்டர் என்னிடம் மட்டும் சொன்னார். முடித்து வெளியே வரும்போது இரவு பதினொன்றரை ஆகிவிடும். பஸ் கிடையாது. வாடகைக் கார்க்காரர்கள் ஒருமுறை அவன் வாந்தி எடுத்ததைப் பார்த்தார்கள், அதோடு போனை எடுப்பதையே விட்டுவிட்டார்கள். ஆகவே கார் ஓடியே ஆக வேண்டும். மற்ற நாட்களில் அது வாசலில் சும்மாதான் நிற்கும்.

தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும் என்பதால் தம்பி தனக்குத்தானே 'ஒட்டகம்' என்று பேர் வைத்துக்கொண்டான். "ஒட்டகம் ரெடி, கிளம்பலாமாக்கா?" என்று கேட்பான். சிரிக்கவும் முடியாது, அழவும் முடியாது.

நான் வாங்கியது ஓடித் தேய்ந்த வெள்ளைக் கார். டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் கதவு மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி வெள்ளை. "சும்மா ஒரு உரசல்ம்மா," என்றான் விற்றவன். நானும் பெரிய விவரம் தெரிந்தவள் மாதிரி தலையாட்டினேன்.

முதல் மாதமே ஆரம்பித்தது. மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் 'வ்ர்ரூம்... வ்ர்ரூம்...' என்று கத்தும். வண்டி நகராது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சத்தம்தான் ஏறும், வேகம் ஏறாது. ஏதோ கருகுகிற வாடை வரும். பின்னால் நிற்பவர்கள் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருப்பார்கள். பின் சீட்டில் படுத்திருக்கும் தம்பி, "இறங்கித் தள்ளட்டுமாக்கா?" என்பான். அவனால் எழுந்து உட்காரவே முடியாது. பேச்சைப் பாருங்கள்.

முதல் மெக்கானிக் இன்ஜின் கோளாறு என்றார். பிளக், பெட்ரோல் ஃபில்டர் எல்லாம் மாற்றினார். சரியாகவில்லை. இரண்டாவது ஆள், கிளட்ச் தேய்ந்து வழுக்குகிறது, அதனால்தான் இன்ஜின் சுற்றினாலும் சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்றார். புது பிளேட் போட்டார். இரண்டே மாதத்தில் அதுவும் கருகியது. அதற்கு அவர் சொன்ன காரணம்தான் என்னைக் கொதிக்க வைத்தது.

"கிளட்ச்சுல கால வச்சுக்கிட்டே ஓட்டுறீங்க மேடம். லேடீஸ்க்கு இந்தப் பழக்கம் உண்டு."

"என் கால் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரியாமதான் வைப்பாங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். இதில் பெரிய கொடுமை என்னவென்றால், மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டினால் வண்டி வெண்ணெயாகப் போகும். டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் ஓடிப்போகிற பிள்ளை மாதிரி. அவர்கள் என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே... வண்டியை அங்கேயே கொளுத்திவிடலாம் போலிருக்கும்.

ஒரு சனிக்கிழமை மேம்பாலத்திலேயே நின்றுபோனோம். மெஷின் கைவிட்டுப் போனது. ஞாயிறு முழுக்கத் தம்பி தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொண்டு, வாயால் மூச்சு வாங்கினான். ஜோக் எதுவும் அடிக்கவில்லை. செவ்வாய்க்கிழமையும் தவறினால்... அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

திங்களன்று மூன்றாவது மெக்கானிக்கிடம் போனேன். வழுக்கைத் தலை, நிதானமான ஆள். தம்பி கதையையும் முழுக்கக் கேட்டுக்கொண்டார். வண்டிக்கு அடியில் போய் ரொம்ப நேரம் கிடந்தார். கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"கியர்பாக்ஸ்ல ஒண்ணும் இல்ல. கிளட்ச் பேரிங் தேஞ்சிருக்கு. கால எடுக்காம ஓட்டினாதான் இப்படித் தேயும்."

"அண்ணே, நீங்களுமா! சத்தியமா நான் வைக்கலண்ணே!" என் குரல் உடைந்துவிட்டது. தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் கோபப்படவில்லை. "சரிம்மா. நீங்க வழக்கமா எப்படிப் போவீங்களோ அப்படியே போங்க. தம்பி படுத்திருக்கிற இடத்துல, பின்னாடி நான் உட்கார்றேன். உங்க கால நானே பார்த்துடறேன்."

கிளம்பும்போது மாலை ஆறு மணி இருக்கும். தூறல். அவர் பின் சீட்டில். எனக்குப் பக்கத்து சீட் காலி.

மேம்பாலம் வரைக்கும் ஒன்றுமில்லை. ஏற்றம் தொடங்கியது.

'வ்ர்ரூம்...'

"அண்ணே! கேட்டீங்களா? கேட்டீங்களா?" சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான்.

"கிளட்ச்சுல இருந்து கால எடுங்க!"

"எடுத்துட்டேன்!"

"எடுங்கம்மா!"

நான் இடது காலைத் தூக்கி சீட்டின்மேலேயே வைத்துவிட்டேன். வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. பிரேக்கை மிதித்து, ஹேண்ட்பிரேக்கையும் இழுத்தேன். அவர் இரண்டு சீட்டுக்கும் நடுவே எட்டிப் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன்.

கிளட்ச் பெடல் கீழே அமுங்கி இருந்தது.

அதன்மேல் யார் காலும் இல்லை.

"கேபிள் மாட்டியிருக்கும்," என்றார். செல்போன் டார்ச்சைப் போட்டு என் காலடியில் அடித்தார். பிறகு ஏனோ பக்கத்து சீட்டின் காலடிப் பக்கம் திருப்பினார்.

வெளிச்சம் ஆடியது.

அங்கே ஒரு ரப்பர் மேட். அதில் ஒரு பள்ளம்.

நீளமாக. முன்பக்கம் அகலம். குதிகால் பக்கம் ஒடுக்கம்...

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அது இன்னும் அமுங்கியது.

மெதுவாக.

என் பக்கத்துப் பெடலும் அமுங்கியது.

மெதுவாக.

டக்.

மேட் மேலே எழுந்தது. பெடலும் எழுந்தது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, இன்ஜின் நின்றது. மணி 6:22. டேஷ்போர்டில் பச்சை எழுத்தில் பார்த்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

மெக்கானிக் அண்ணன் எப்போது கதவைத் திறந்தார் என்று தெரியாது. மழையில் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, என்னைத் தனியா விட்டுட்டுப் போயிடாதீங்க!"

"போகலம்மா... போகல..."

நடு மேம்பாலத்தில் எவ்வளவு நேரம் நிற்பது? பின்னால் லாரி ஹாரன் காதைக் கிழித்தது. அவர் திட்டிக்கொண்டே, பெடலைக் கிட்டத்தில் பார்க்க முன் சீட்டில் ஏறினார். யாரைத் திட்டினார் என்று தெரியவில்லை. இரண்டு காலையும் சீட்டின்மேல் மடக்கிக்கொண்டார். வண்டியை எடுத்தேன். பெடல் மறுபடியும் அமுங்கியது.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. இவ்வளவு நாளும் மெக்கானிக்குகள் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் வண்டி ஒழுங்காகப் போனது. அவர்கள் எல்லாரும் காலைக் கீழேதான் வைத்திருந்தார்கள்.

"அண்ணே, கால மேட்ல வைங்க."

"என்னம்மா சொல்றீங்க!"

"வைங்கண்ணே, கும்பிட்டுக் கேக்கறேன்!"

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இடது காலை இறக்கினார். என் பெடல் சட்டென்று மேலே வந்தது. வண்டி ஏற்றத்தில் அழகாக ஏறியது.

"அடியில ஏதோ இருக்கும்மா," என்றார். முகம் வெளுத்திருந்தது. "வெதுவெதுன்னு... உயிரோட இருக்கிற மாதிரி."

ஒர்க்ஷாப்பில் மேட்டைத் தூக்கிப் பார்த்தோம். வெறும் தகரம். நான்கு போல்ட் துளைகளை அடைத்துப் பெயின்ட் அடித்திருந்தார்கள்.

"டிரைவிங் ஸ்கூல் வண்டி," என்றார். "கத்துக் கொடுக்கிறவருக்கு இந்தப் பக்கமும் கிளட்ச், பிரேக் இருக்கும். அவர் மிதிச்சா உங்க பெடலும் கீழ போகும். அதைக் கழட்டிட்டு வித்திருக்காங்க."

"கழட்டினது எப்படிண்ணே மிதிக்கும்?"

அவர் சாவியை என் கையில் திணித்தார். "வேற ஆளப் பாருங்கம்மா. தப்பா நினைக்காதீங்க." அந்தப் பக்கத்தில் இருந்தது ஒரே ஸ்கூல்தான், அதையும் மூடிவிட்டார்கள் என்றும், அதை நடத்திய மாஸ்டரின் வீடு எந்தத் தெருவில் என்றும் மட்டும் சொன்னார்.

மறுநாள் செவ்வாய். தம்பியை முன் சீட்டில் உட்காரவைத்தேன். சீட்டைச் சாய்த்துவிட்டேன். காரணம் சொல்லவில்லை. அக்காக்காரியாக எனக்கு அன்று வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் 6:45க்கு ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

வண்டி ஒரு மாதம் மக்கர் பண்ணவே இல்லை. ஒரு நாள் இரவு பதினொன்றரைக்குத் திரும்பி வந்து ஏறும்போது தம்பி கேட்டான்.

"மேட்டுக்கு அடியில என்னக்கா வச்சிருக்க? மெத்துனு இருக்கு. சூடா வேற இருக்கு."

"இன்ஜின் சூடுடா."

"நாலு மணி நேரமா நின்ன வண்டில ஏதுக்கா சூடு?"

"வாய மூடிட்டுத் தூங்கு."

அன்று நான் தூங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை மாஸ்டர் வீட்டைத் தேடிப் போனேன். ஆள் செத்துப்போயிருப்பார் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். எப்படிச் செத்தார் என்று கேட்க வேண்டும், என் தலையில் இந்த வண்டியைக் கட்டியதற்கு நான்கு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும். கதவைத் தட்டினேன்.

கதவைத் திறந்தது மாஸ்டரேதான்.

உயிரோடு. சட்டையில் காபிக் கறை. அக்குளில் ஊன்றுகட்டை. இடது கால் முட்டிக்குக் கீழே இல்லை.

"கத்துக்க வந்தியாம்மா? நான் விட்டுட்டேனே," என்று சிரித்தார்.

"இல்ல சார். உங்க வெள்ளைக் கார் இப்ப என்கிட்ட இருக்கு."

"ஓடுதா?" முகம் மலர்ந்துவிட்டது.

"ஓடுது சார். வேலைக்குப் போக வர வச்சிருக்கேன்." ஏன் பொய் சொன்னேன் என்று தெரியாது. அந்த வீட்டில் தம்பியின் பேச்சை எடுக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

அவர் சொன்னார். புதிதாகக் கற்றுக்கொள்ள வந்த பெண் ஓட்டிக்கொண்டிருந்தாளாம். பக்கவாட்டில் லாரி. இவர் இரண்டு பெடலையும் சேர்த்து மிதித்தார். அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. "மிதிச்ச கால் மிதிச்சபடியே மாட்டிக்கிச்சும்மா. அங்கயே விட்டுட்டு வந்தேன்."

அவர் மனைவி உள்ளேயிருந்து வந்தார். "இல்லாத கால்தாம்மா இவருக்கு வலிக்கும். டாக்டரக் கேட்டா, அப்படித்தான் இருக்கும்னு சொல்லிட்டார்."

"முன்ன எல்லாம் எப்பவாவது வலிக்கும்," என்றார் மாஸ்டர். "இந்த வருஷம் கணக்கா வருது. செவ்வாய், வியாழன், சனி. சாயங்காலம் ஒரு தடவ, ராத்திரி ஒரு தடவ. கிளட்ச்ச மிதிச்ச மாதிரி விறைச்சுக்கும்."

போக ஒரு தடவை, வர ஒரு தடவை என்று நான் மனதுக்குள் எண்ணினேன்.

"அதுகூடப் பழகிப்போச்சும்மா. இந்த ஒரு மாசமாதான் தாங்க முடியல... யாரோ செருப்புக் காலோட அது மேல ஏறி மிதிக்கிறாங்க. இறங்கவே மாட்டேங்கிறாங்க."

என் போன் நம்பரை எழுதிக் கொடுத்தேன். எதற்கு என்று அவர் மனைவி கேட்டார். ஏதோ உளறிவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

திட்டுவதற்கு எனக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. இப்போது யாரைத் திட்டுவது? தம்பி காலை எடுத்தால் வண்டி நிற்கும். தம்பி காலை வைத்தால் அந்த மனிதர் துடிப்பார். இரண்டுக்கும் நடுவில் ஏழு மணி மெஷின்.

செவ்வாய் வந்தது.

"செருப்பக் கழட்டிட்டு ஏறுடா."

"ஏன்க்கா, புது வண்டியா?"

"சொன்னதச் செய்."

வெறுங்காலோடு உட்கார்ந்தான். வண்டி வெண்ணெயாகப் போனது. மேம்பாலத்தில் ஒரு முனகல்கூட இல்லை. வழி முழுக்க என்னால் அவன் காலடிப் பக்கம் பார்க்க முடியவில்லை.

7:40. தம்பி மெஷினில். நான் வெளியே பெஞ்சில். போன் அடித்தது. மாஸ்டரின் மனைவி.

"தப்பா நினைக்காதம்மா. இவர் உன்கிட்ட சொல்லச் சொல்லி ஒரே பிடிவாதம். இன்னைக்குச் செருப்பு இல்லையாம், ரொம்ப சந்தோஷம்னார். ஆனா அந்தப் பையனோட இடது கால் ஐஸ் மாதிரி இருக்காம். போன தடவைக்கு இப்ப ரொம்ப மோசமாம். உடனே டாக்டர்கிட்ட காட்டச் சொல்றார். எனக்கு ஒண்ணும் புரியலம்மா... சொல்லிட்டேன்."

உள்ளே ஓடினேன். தம்பி அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். போர்வையை விலக்கினேன்.

வலது காலைத் தொட்டேன். சூடு இருந்தது.

இடது காலைத் தொட்டேன்.

கையை எடுத்துவிட்டேன்.

"சிஸ்டர்!"

நர்ஸ் வந்தார். பாதத்தில் விரலை வைத்துத் துடிப்பைத் தேடினார். மறுபடியும் தேடினார். பிறகு அவரும் ஓடினார்.

ரத்தக்குழாய் அடைத்திருந்தது. அன்று இரவே சரிசெய்தார்கள். டாக்டர் வெளியே வரும்போது விடிந்துவிட்டது.

"நல்லவேளை. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கால எடுத்திருக்கணும். அவருக்கே மரத்துப்போய் எதுவும் தெரியல. யாருங்க கவனிச்சது?"

நான் போனை எடுத்து அந்த நம்பரைப் பார்த்தேன்.

எனக்கு ஒரு தம்பி இருக்கிறான் என்று அந்த வீட்டில் நான் சொல்லவே இல்லை.