எல்லா மாமனும் ஒரே அளவு

"புதிய பதிப்பு தயார், இப்போது நிறுவலாமா?" என்று என் டேப்லெட் மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. திங்கட்கிழமை விடிகாலையில், அம்மா அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது, சரி என்று அமுக்கப் போனேன். நீளமாக நிபந்தனைகள் வந்து நின்றன. எல்லாரும் படிக்காமல் தள்ளிவிட்டு அடியில் "ஒப்புக்கொள்கிறேன்" என்று அமுக்கிவிடும் பக்கங்கள்.

"என்னமோ எழுதியிருக்கே, என்ன அது?" என்றார் அம்மா.

"சும்மாம்மா. யாரும் இதப் படிக்க மாட்டாங்க."

"எல்லாருக்கும் என்னவோ. நம்ம வீட்டுல படிக்காமக் கைநாட்டு வச்சதுக்கெல்லாம் என்ன ஆச்சுன்னு உனக்குத் தெரியும். முழுசாப் படி."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் முதலில் கால் வைத்தது நான். பட்டம் வாங்கியதும் நான்தான். அதனால் எங்கள் வீட்டில் எந்தக் காகிதமும் என் வாய் வழியாகத்தான் போகும். உட்கார்ந்து வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். தோட்டத்துக்குக் கிளம்பிய அப்பா வாசலிலேயே நின்று கேட்டார்.

"எல்லாம் புதுசா மாத்தித் தாரான். காசு கேக்கலையா?"

"இல்லப்பா."

"அப்ப வேற என்னமோ கேக்குறான். நல்லாப் பாரு."

பார்த்தேன். அப்பா நினைத்தது தவறில்லை, காசுக்குப் பதில் நம் விவரங்களைக் கொஞ்சம் கேட்டுத்தான் இருந்தார்கள். அதையும் சொல்லி, எதெதற்கு வேண்டாம் என்று குறிக்கலாமோ அதற்கெல்லாம் வேண்டாம் என்று குறித்துவிட்டு அமுக்கினேன். திரை கறுத்தது. ஒரு வெள்ளைக் கோடு மெல்ல நகர ஆரம்பித்தது. நான் குளித்து, சாப்பிட்டு, தலை பின்னி முடித்தும் அந்தக் கோடு முக்கால்வாசிதான் வந்திருந்தது.

அன்றைக்குத்தான் சிம்மக்கல் ஃப்ளெக்ஸ் கடையில் எனக்குச் சோதனை.

அந்தக் கடையில் நான்கு மாதமாகப் பெயர் அடிப்பது, படத்தின் பின்னணியை வெட்டுவது என்று எடுபிடி வேலைதான் செய்துகொண்டிருந்தேன். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து டிசைன் போட்டவர் திருப்பூருக்குப் போய்விட்டார். அந்த இடத்தை எனக்குக் கொடுங்கள் என்று கடைக்கார அண்ணனிடம் கேட்டிருந்தேன். நான் வேலை பழகியது டேப்லெட்டில். டியூஷன் எடுத்து வாங்கியது அது. அண்ணன் அதை "சிலேட்டு" என்றுதான் சொல்வார்.

"திங்கக்கிழமை காதுகுத்துப் பார்ட்டி ஒண்ணு வருது. அவங்க கண்ணு முன்னாடி சிலேட்டுல முடிச்சுக் காட்டு, இடம் உனக்கு. இழுத்துச்சுன்னா தல்லாகுளத்துல ஒரு ஆளு இருக்காரு, அவருக்கு ஒரு போன் போட்டா மதியமே வந்துருவாரு" என்று சொல்லியிருந்தார்.

வாடிப்பட்டியில் பஸ் ஏறும்போதுதான் டேப்லெட் கண் விழித்தது. ஜன்னலோரம் இடம் பிடித்து மடியில் வைத்துத் திறந்தேன். என் டேப்லெட்தானா என்றிருந்தது. பட்டன்களெல்லாம் கண்ணாடித் துண்டு மாதிரி, பின்னால் இருக்கும் படம் அதன் வழியாகக் கலங்கித் தெரிந்தது. ஒரு செயலியின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் சின்னதாகிறது. இன்னொன்றைத் திறந்தால் அது பக்கத்தில் வந்து உட்கார்கிறது. மூன்றாவதும் வந்தது. இத்தனை நாள் ஒன்றை மூடி ஒன்றைத் திறந்து, மாமா படத்தை எடுக்கப் போய் அத்தை பெயரை மறந்து, திரும்ப வந்து பார்த்து என்று நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இப்போது வாட்ஸப்பில் வந்த படங்கள் இடப்பக்கம், பேனர் வலப்பக்கம், பெயர்ப் பட்டியல் மூலையில். மூன்றும் ஒரே பார்வையில்! சோழவந்தான் பிரிவு வந்ததும் போனதும் தெரியவில்லை. பக்கத்து சீட்டு அக்கா, "என்னம்மா, ரிசல்ட்டு வந்துருச்சா? தனியாச் சிரிக்கிற" என்று கேட்டார்.

குறையும் இருந்தது. கையோடு பழகிய பட்டன் ஒன்று இருந்த இடத்தில் இல்லை. விரல் பழைய மூலைக்கே போய்ப் போய்த் திரும்பியது. பின்பக்கம் சூடேறியது. ஆரப்பாளையத்தில் இறங்குவதற்குள் சார்ஜ் பாதியாகிவிட்டது.

பதினொரு மணிக்குப் பார்ட்டி வந்தது. காது குத்தப்போகும் குழந்தையின் அம்மா, கூட அவருடைய அண்ணன், தம்பி. அந்த அண்ணன்தான் பெரிய மாமன், குழந்தை உட்காரப்போவது அவர் மடியில். இருபத்தாறு பேர் படம், பெயர்ப் பட்டியல், எல்லாம் முதல் நாளே போனில் அனுப்பியிருந்தார்கள்.

கடைக்கார அண்ணன் என் பின்னால் வந்து நின்றார். எனக்கு உற்சாகம் தலைக்கு ஏறியிருந்தது. புதிதாக வந்த ஒரு வித்தையைப் பஸ்ஸிலேயே பார்த்து வைத்திருந்தேன். படங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து இழுத்துப் போட்டால், அதுவே தலை வெட்டி, வரிசை கட்டி அடுக்கிவிடும். இழுத்துப் போட்டேன். ஒரே நொடியில் இருபத்தாறு முகமும் பேனரில் வந்து நின்றன. அம்புட்டு அழகு! நிமிர்ந்து பார்த்தேன்.

யாரும் சிரிக்கவில்லை.

"என்னம்மா இது, பள்ளிக்கூடத்துல எடுக்குற குரூப்பு போட்டோவா?" என்றார் பெரிய மாமன். "சீர் கொண்டு வாரவன் நான். கெடா வெட்டுறவன் நான். பொரிகடலை மாதிரி எல்லாரையும் ஒண்ணாக் கொட்டி வச்சிருக்க?"

"எனக்கு இது புடிச்சிருக்குண்ணே" என்றார் தம்பி.

"உனக்குப் புடிக்கும்டா."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மதுரைப் பக்கம் பிறந்து, தெருவுக்குத் தெரு பேனர் பார்த்து வளர்ந்தவள் நான். தாய்மாமன் படம் எம்புட்டுப் பெரிதாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? ஒரு வித்தையைக் கண்ட சந்தோஷத்தில் மாமன், சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரையும் ஒரே அளவில் நிறுத்திவிட்டேன். பழையபடி ஆக்கும் பட்டனைத் தேடினேன். அதுதான் இடம் மாறிப்போன பட்டன். பின்னால் கடைக்கார அண்ணன் பாக்கெட்டிலிருந்து போனை எடுப்பது தெரிந்தது. தல்லாகுளத்துக்குத்தான்.

தேடுவதை நிறுத்தினேன். டேப்லெட்டை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தேன். படங்களை ஒரு ஓரமாகவும் பேனரை ஒரு ஓரமாகவும் விரித்தேன்.

"அண்ணே, உங்க படத்து மேல ரெண்டு விரல வச்சு விரிங்க. நீங்களே எம்புட்டு வேணுமோ அம்புட்டு வச்சுக்கோங்க."

"நானா?"

"நீங்கதான்."

வேட்டியில் விரலைத் துடைத்துக்கொண்டு தொட்டார். முகம் விரிந்தது. இன்னும் விரித்தார். மீசை இரண்டு பக்கமும் பேனருக்கு வெளியே போனது. குழந்தையின் அம்மா தன் பிள்ளையைத் தேடினார்.

"எம்புள்ள எங்கண்ணே?"

"இருக்கும், பாரு."

"உன் கன்னத்துக்குள்ள இருக்கு! காது குத்துறது உனக்கா, எம்புள்ளைக்கா?"

கடையே சிரித்தது. அச்சு மெஷின் பக்கம் நின்றவர்கூட எட்டிப் பார்த்தார். பெரிய மாமன் முகம் சிவந்து, பிறகு அவரும் சிரித்துவிட்டார். விரலைச் சேர்த்துத் தன் முகத்தைத் தானே சுருக்கினார். குழந்தை வெளியே வந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொரு விரல்கடை சுருக்கினார்.

"தம்பியையும் கொஞ்சம் பெருசாக்கும்மா. இம்புட்டுதான், அதுக்கு மேல வேணாம்."

அதன் பிறகு நான் கை வைத்த இடமெல்லாம் ஓடியது. அவர்கள் பெயர் சொல்லச் சொல்ல, மூலையிலிருந்த பட்டியலைப் பார்த்து அடித்தேன். படத்தை மாற்றச் சொன்னால் பக்கத்திலிருந்து இழுத்தேன். எதையும் மூடவில்லை, எதையும் திரும்பத் திறக்கவில்லை. யார் படம் எங்கே என்று பாதி நாள் சண்டை போடும் வேலை, மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே மெஷினுக்குப் போனது.

அவர்கள் போன பிறகு அண்ணன் போனைப் பாக்கெட்டுக்குள் போட்டார்.

"நாளைக்கு அந்தக் கம்ப்யூட்டர்ல வந்து உக்காரும்மா."

வாயெல்லாம் பல்லாக நின்றேன். ஆனாலும் சொல்லிவிட்டேன்.

"அந்தக் கம்ப்யூட்டர் மூலை வேணாண்ணே. பார்ட்டி வந்து உக்காருற மாதிரி முன்னாடி ஒரு மேஜை, ரெண்டு ஸ்டூலு போதும். பக்கத்துல பிளக்கு இருக்கணும். புதுசு போட்டதுலருந்து சார்ஜு நிக்க மாட்டேங்குது."

"இடம் குடுத்தா சட்டம் பேசுற!"

"படிச்சுப் பாத்துத்தாண்ணே எதுக்கும் ஒத்துக்குவோம் எங்க வீட்டுல."

அண்ணன் என்னையும் டேப்லெட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கடை முன்பக்கம் இருந்த தன் மேஜைக்குப் போய், அங்கே ஓடிக்கொண்டிருந்த ஃபேனின் ஒயரைப் பிளக்கிலிருந்து பிடுங்கினார்.

"கொண்டா உன் சிலேட்ட."